அந்நியர் சோதனை

1

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். வெளியே மூன்று பாகை. தேநீர், இரண்டு துண்டு பாண், முதல் நாள் மிஞ்சிய பருப்பு. 5.55க்குக் காரை எடுத்தேன். மருந்துக் களஞ்சியத்தில் என் வேலை 6.30க்குத் தொடங்கி 2.30க்கு முடியும். அன்று மூன்றாம் வரிசை இறாக்கைகளில் அடுக்கியிருந்த மருந்துகளின் காலாவதித் திகதி பார்த்தேன். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே மகளின் பாடசாலைக்குப் போனேன். 3.30க்குக் கூட்டம். சேர்ட் பையில் ஒரு காரின் இலக்கத்தையும் ஒரு மனிதனைப் பற்றிய குறிப்பையும் வைத்திருந்தேன்.

கனடாவில், ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு சிறு நகரத்தில் இருபத்தொரு வருடமாக இருக்கிறோம். மகள் அபிராமிக்கு வயது பதினெட்டு. டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவள். இங்கே இப்படியான பிள்ளைகள் பாடசாலையை விட்டு வெளியேறுவதற்கு முன் ஒரு மதிப்பீடு நடக்கும். சமைப்பது, கடையில் வாங்குவது, பஸ்ஸில் போவது, ஆபத்தை அறிவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வளர்ந்தவளாக எப்படி வாழப்போகிறாள் என்று எழுதுவார்கள். அபிக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஜனவரியிலிருந்து மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வாரம் நான்கு நாள் வேலை. அதற்குப் பஸ்ஸில் தனியே போய்வர வேண்டும். மற்றது பகல் நேரப் பராமரிப்பு நிலையம். காலையில் வேன் வந்து ஏற்றும், பின்னேரம் வேன் கொண்டுவந்து இறக்கும்.

சலவைப் பகுதியில் அவள் இரண்டு வாரம் பழகப் போனாள். முதல் நாளே வீட்டுக்கு வந்து அலுமாரியிலிருந்த எல்லாத் துவாய்களையும் இழுத்துப் போட்டு மூன்றாக மடித்து அடுக்கினாள். நான் மடித்தது ஒன்றும் சரியில்லை என்றாள். நான் களஞ்சியக்காரன். பார்த்தேன், அவள் சொன்னது உண்மை.

மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது செங்கலடியில் விசேட கல்வி வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியையிடம் இந்த மதிப்பீடு பற்றிச் சொன்னேன். “எங்கட பிள்ளையளுக்கு வகுப்பு முடிஞ்சா வீடுதான் சேர். ஆரும் வந்து ஒண்டும் கேக்கிறல்ல” என்றார். அவர் ஏக்கத்தோடு சொன்னார். எனக்கோ, கேளாமல் விடுவது அவ்வளவு மோசமில்லை என்று பட்டது.

2

ஒருவர் கேள்வி கேட்டால், எதற்குக் கேட்கிறார் என்று முதலில் யோசிப்பது என் பழக்கம். இளவயதில் சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்குப் போகும்போது சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்று கற்றது. பெயர் கேட்டால் பெயர். ஊர் கேட்டால் ஊர். ஒரு சொல் கூடுதலாகச் சொன்னவன் பின்னேரம் வரை அங்கேயே நின்றான்.

இங்கே படிவம் பதினொரு பக்கம். தனியாக அடுப்பை அணைப்பாளா? கோபம் வந்தால் என்ன செய்வாள்? வீட்டில் அவளுக்காக முடிவெடுப்பவர் யார்? எல்லாவற்றையும் முதலில் பென்சிலால் எழுதி, இரண்டு நாள் வைத்துப் பார்த்து, பிறகு பேனையால் எழுதினேன். முடிவெடுப்பவர் யார் என்ற இடத்தில் மட்டும் நான்கு தரம் அழித்தேன். கடதாசி ஓட்டையாகப் பார்த்தது.

பதினெட்டு முடிந்த வாரத்திலிருந்து கடிதங்கள் அவள் பெயருக்கே வந்தன. ‘செல்வி அபிராமி சிவநேசன்.’ நான் உடைக்கப் போனேன். மனைவி வசந்தி தடுத்தாள்.

“அவவிட கடிதம். அவவே உடைக்கட்டும்.”

“அவ வாசிப்பாளா?”

“வாசிக்காட்டியும் அவவிடதானே.”

அபி உடைத்து, விரித்து, ஒரு எழுத்தும் பார்க்காமல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தாள். அதை அங்கே நின்றபடியே வாசித்தேன்.

மதிப்பீட்டைச் செய்தவர் ஹெலன் என்ற பெண். ஐம்பது வயதிருக்கும். மிகவும் கனிவாகப் பேசுவார். கனிவாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். வேலைக்கு ஆள் அனுப்புவதைவிட வேனில் ஏற்றுவது அவர்களுக்கு இலகு, அதற்குக் காரணம் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். பஸ் பழக்கம், அதாவது தனியே போய்வரும் பயிற்சி, தொடங்குமுன் ஒரு தாளில் கையொப்பம் வாங்கினார். நான்கே வரி. பழக்கம் நடக்கும் நாட்களில் பெற்றோர் பின்தொடரவோ நிறுத்தத்தருகே நிற்கவோ கூடாது. கையொப்பமிட்டேன். செப்டெம்பர் 24ஆம் திகதியிலிருந்து பின்தொடர்ந்தேன். வசந்திக்கும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 2, வியாழன். பாடசாலைக்கு முன்னாலுள்ள நிறுத்தத்தில் அபி தனியே நின்றாள். நான் வீதியின் எதிர்ப்பக்கம், பாண் கடைக்கு முன்னால் காரை நிறுத்தியிருந்தேன். 3.12க்கு ஒரு மனிதன் தன் காரை விட்டு இறங்கி அவளிடம் போனான். நாற்பது வயது, சாம்பல் நிற ஜக்கெற், கையில் பையில்லை. ஏதோ கேட்டான். அபி ஒருமுறை வீதியைப் பார்த்தாள். பஸ் வருகிறதா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். பிறகு பேசத் தொடங்கினாள். விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னாள். சிரித்தாள். அவன் தலையாட்டிக்கொண்டே நின்றான். 3.16க்கு பஸ் வந்தது. அவள் ஏறினாள், அவன் போனான்.

நான் இறங்கவில்லை. இறங்கினால் ஒப்பந்தத்தை மீறியது தெரிந்துவிடும். அந்த நான்கு நிமிடமும் என் மகளை ஒரு தெரியாத மனிதன் விசாரித்துக்கொண்டிருக்க, நான் அவன் காரின் இலக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த பன்னிரண்டு நாளும் அந்தக் காரை அந்த வட்டாரத்தில் தேடினேன். கூட்டத்தில் இலக்கத்தை மேசையில் வைத்து, உங்கள் பழக்கம் இவ்வளவு பாதுகாப்புத்தானா என்று கேட்பதென்று முடிவு செய்திருந்தேன். நான் அங்கே நின்றதற்கு ஒரு பொய்யும் தயார். பாண் வாங்கப் போனேன்.

3

கூட்டத்துக்கு வசந்தியும் வேலையிடத்திலிருந்து நேரே வந்துவிட்டாள். ஹெலன் நல்லவற்றை முதலில் வாசித்தார். பஸ் அட்டையை இயந்திரத்தில் தானே வைக்கிறாள். பதினொரு நிறுத்தமும் தெரியும். பஸ் பிந்தினால் பதறுவதில்லை. நான் பையில் கைவைத்தபடி என் முறைக்குக் காத்திருந்தேன்.

“கடைசியாக, அந்நியர் சோதனை” என்றார். “அபிராமி முன்பின் காணாத எங்கள் உத்தியோகத்தர் ஒருவர் ஒக்டோபர் இரண்டாம் திகதி நிறுத்தத்தில் அவளிடம் பேச்சுக் கொடுத்தார். எல்லா மாணவர்களுக்கும் இதைச் செய்கிறோம். அவள் விலகிப் போக வேண்டும், அல்லது உதவி கேட்க வேண்டும்.”

பையிலிருந்து கையை எடுத்தேன்.

அவர் தாளைப் பார்த்து வாசித்தார். தன் பெயர் சொன்னாள். தகப்பன் பெயர் சிவநேசன். ஊர் சித்தாண்டி. தாயின் ஊர் வந்தாறுமூலை. தாயின் குடியின் பெயர். வீட்டிலக்கம். தகப்பன் மூன்று மணிக்கு வருவார். அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வேலை. ஹெலனின் வாயில் எங்கள் ஊர்ப் பெயர் நொண்டி நொண்டி வந்தது.

“இதை அவளுக்கு வீட்டில் பழக்கினீர்களா?”

“ஓம்” என்றாள் வசந்தி, கொஞ்சம் பெருமையாக.

நான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வி, நீ யாருடைய மகள் என்பது. பிறகு ஊர். பிறகு குடி. குடி என்பது குலம், எங்களுக்கு அது தாய்வழி. பேசப் பிந்திய பிள்ளை இதைத் தடங்காமல் சொன்னபோது ஊரே மெச்சியது. ஹெலன் கவனமாகக் கேட்டு எழுதினார்.

“இது அழகான விடயம்” என்றார். “ஆனால் பஸ் நிறுத்தத்தில் இதைச் சொல்லும் ஒருவரைத் தனியே அனுப்ப நான் பரிந்துரைக்க முடியாது.”

“இன்னொரு தரம் வையுங்கள்” என்றாள் வசந்தி.

“அடுத்தது வசந்த காலத்தில். அதற்குள் சலவை வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். சோதனை முறையாக நடக்கவில்லை என்று காட்டினால் மட்டும் உடனே திருப்பி வைக்கலாம். அது முறையாகத்தான் நடந்தது. வியாழன் பத்து மணிக்குக் கோப்பு, முடிவெடுக்கும் குழுவுக்குப் போகும்.”

முறையாக நடக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். ஆனால் நான் நின்றதால் என்ன மாறியது? ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இலக்கம் எழுதிய தாளைப் பையிலேயே விட்டு எழுந்தேன்.

வெளியே அபி காத்திருந்தாள். “அப்பா, பஸ் கிடைச்சதா?”

“பாப்பம் கிளி” என்றாள் வசந்தி.

4

ஒக்டோபர் 15, புதன். காலை ஐந்து மணிக்குத் தேநீரோடு சித்தாண்டிக்கு என் அக்காவை அழைத்தேன். அங்கே பின்னேரம் இரண்டரை. அபிக்கு அந்தப் பதிலைப் பழக்கியதே அக்காதான். நாங்கள் திருவிழாவுக்கு ஊர் போயிருந்தபோது ஒவ்வொரு காலையும் முற்றத்தில் நிற்க வைத்துச் சொல்ல வைத்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“ஆர்ட மகள் எண்டு கேட்டாச் சொல்லாம நிக்கிறதுக்கு அவ என்ன களவெடுத்தவவா?”

“ஆரெண்டு தெரியாத ஆள் அக்கா.”

“தெரியாத ஆள்தானேடா கேப்பான். தெரிஞ்சவன் ஏன் கேக்கான்?”

வேலைக்கு நேரமாகிறது என்றேன்.

“மறுகா ஒண்டு கேளு தம்பி. அவ கண்ட ஆளுக்கெல்லாம் வாய் திறக்கிறவ இல்ல. காப்புக் கடைக்காரியிட்டச் சொன்னவவா? மறந்திட்டியா?”

மறக்கவில்லை. திருவிழாவில் கடைகளுக்கு நடுவே அபி எங்களைத் தவறவிட்டாள். நாற்பது நிமிடம் தேடினோம். ஒரு காப்புக் கடையில் மரப்பெட்டியின் மேல் இருத்தி வைத்திருந்தார்கள். சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர். “ஆர்ட புள்ள எண்டு எவ்வளவு கேட்டும் மூச்சு விடுதில்ல” என்றாள் கடைக்காரி. என்னைக் கண்டதும் அபி எழுந்து நின்று, அவளைப் பார்த்துத் தகப்பன் பெயர், ஊர், குடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைய குறிப்பில் நான் எழுதியது: ‘கூட்டத்தைக் கண்டு பயந்து வாயடைத்துவிட்டாள்.’

“பயந்து போனாள் அக்கா” என்றேன்.

“ஓம், உனக்கு எல்லாம் பயம்தான்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

5

அன்றே வீட்டில் பழக்கிப் பார்த்தோம். அந்நியனாக நானே நடித்தேன். தொப்பி போட்டு, கதவைத் தட்டி, உள்ளே வந்தேன்.

“பிள்ளை, நீ ஆர்ட மகள்?”

“உங்கட மகள்.”

“நான் உன்ர அப்பா இல்ல. வேற ஆள்.”

அபி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அம்மா, அப்பாக்கு என்னவோ நடந்திட்டு.”

வசந்தி சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்யும் றபீக்கை அழைத்தேன். ஓட்டமாவடிக்காரன், அபி அவனைக் கண்டதில்லை. நாலரைக்குக் கடைத்தொகுதியில் வசந்தி அபியை ஒரு வாங்கில் இருத்திவிட்டு மருந்துக்கடைக்குள் போவாள். றபீக் போய்ப் பேச்சுக் கொடுப்பான். நான் தூரத்தில் நின்று பார்ப்பேன். இப்படி ஏற்பாடு. ஆனால் நான் தனியாக வந்த வழியில் ஒரு லொறி குறுக்கே நின்று வீதி அடைபட்டது. கதவால் உள்ளே நுழையும்போது 4.41.

வாங்கில் அபி இல்லை. கைப்பேசி உறை விற்கும் கடையின் பெண்ணுக்குப் பக்கத்தில், கல்லாவோடு ஒட்டி நின்றாள். றபீக் இரண்டு மீற்றர் தள்ளி, கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அபி என்னைக் கண்டாள். உடனே றபீக்கிடம் நடந்து போய், விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினாள். அப்பா சிவநேசன். ஊர் சித்தாண்டி. அம்மா வந்தாறுமூலை. குடி. வீட்டிலக்கம். மூன்று மணி. சனிக்கிழமை.

தோற்றுப்போனோம் என்று நினைத்தேன். றபீக் வாயில் கைவைத்துச் சிரித்தான்.

“அண்ணன், சாவி எங்க வெச்சிருக்கீங்க எண்டு மட்டும்தான் சொல்லல்ல.”

“நான் சொன்னன்தானே, கேட்ட உடனே சொல்லிப்போடுவா எண்டு.”

“எங்க கேட்ட உடனே? ரெண்டு தரம் கேட்ட நான். ஒண்ணும் பேசல்ல. முகத்த அங்கால திருப்பிட்டா. மூணாந்தரம் கேக்க எழும்பிப் போய் அந்தப் புள்ளைக்கிட்ட நிண்டுக்கிட்டா. அந்தப் புள்ள என்னப் பாத்த பார்வை இருக்கே, பொலிசக் கூப்பிடப் போறா எண்டு நெனச்சிட்டன். நீங்க கதவால வந்தீங்க, மறுகாதான் இவ்வளவும்.”

“நீ ஏதும் சாடை காட்டினியா?”

“அல்லாவே, இந்த மனிசன் ஆரத்தான் நம்புவார்?”

வசந்தி மருந்துக்கடையிலிருந்து வந்துவிட்டாள். அபியை அந்த வாங்கிலேயே இருத்தி, நான் முன்னால் குந்தி இருந்தேன்.

“அபி, இந்த மாமா கேக்கக்குள்ள ஏன் முதல்ல சொல்லல்ல?”

“அப்பா இல்ல. அம்மா இல்ல.”

“மறுகா?”

“அப்பா வந்திட்டீங்க. பாத்துட்டு நிண்டீங்க. ஒண்டும் சொல்லல்ல. அப்ப சொல்லலாம்.” மாமி, அதாவது என் அக்கா, அப்படித்தான் சொல்லித் தந்தது என்றாள். ஆர் கேட்டாலும் முதலில் அப்பாவையோ அம்மாவையோ பார். அவர்கள் பேசாமல் நின்றால் சொல்.

எத்தனை வீடுகளில் அவள் அந்தப் பதிலைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நான் இல்லாத இடத்தில் அவள் என்ன செய்வாள் என்பதை நான் பார்த்திருக்கவே முடியாது. காப்புக் கடையில் நாற்பது நிமிடம் அவள் பயந்து இருக்கவில்லை. காத்திருந்திருக்கிறாள்.

கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன்.

“பஸ் நிக்கிற இடத்தில, சாம்பல் ஜக்கெற் போட்ட ஆளுக்கு ஏன் சொன்ன?”

“அப்பா கார்ல இருந்தீங்க. பாண் கடைக்கு முன்னால. ஒளிச்சு விளையாடினீங்க. நான் ஆருக்கும் சொல்லல்ல.”

வசந்தி என்னைப் பார்த்தாள். “எந்தக் கார்? எந்தப் பாண் கடை?”

றபீக் தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டான்.

6

இராச் சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். வசந்தி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“நாளைக்குப் பத்து மணிக்கு முன்ன போய்ச் சொல்லுங்க.”

“என்னெண்டு சொல்ற? கையொப்பம் வச்ச தாள் அவங்களிட்ட இருக்கு. தகப்பன் நம்பிக்கையில்லாத ஆள் எண்டு எழுதி வச்சிடுவாங்க. அந்தக் கோப்பு இவ சாகும் வரைக்கும் கிடக்கும்.”

“எழுதட்டும். நீங்க ஆக்களப் பத்தி எழுதுறல்லையா?”

“சொன்னாலும் திருப்பி வைப்பாங்க எண்டு நிச்சயமில்ல.”

“சொல்லாட்டி வேன்தான். அது நிச்சயம்.”

அபி கறிக்குள் இருந்த மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பை விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரிந்தும் தலை நிமிரவில்லை. அவள் என்னை நம்பியதால்தான் தோற்றாள். இதை எந்தக் கோணத்தில் திருப்பிப் பார்த்தும் வேறு மாதிரி எழுத முடியவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன். எழுந்ததும் முதல் வேலையாகக் களஞ்சியத்துக்கு அழைத்து இன்று பிந்தி வருவேன் என்றேன். தேநீர் குடிக்கவில்லை. 7.40க்குப் பாடசாலை அலுவலகத்தின் முன் வாங்கில் இருந்தேன். 8.05க்கு ஹெலன் வந்தார். உள்ளே கூப்பிட்டார். நின்றபடியே சொன்னேன். சோதனை நடந்த நேரம் நான் எதிர்ப்பக்கத்தில் காருக்குள் இருந்தேன், மகள் என்னைக் கண்டாள், நான் பேசாமல் இருந்ததை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். கடைத்தொகுதியில் நடந்ததையும் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை, கனிவாகவும் பேசவில்லை. ஒரு தாளை எடுத்து எழுதினார். எழுதி முடித்து, “ஒக்டோபர் இரண்டு. நேரம் என்ன?” என்று கேட்டார்.

சொன்னேன். அவர் கேட்டது அந்த ஒரு நாளைப் பற்றித்தான். பேனையை மூடப் போனார்.

“ஏழு நாள்” என்றேன். “செப்டெம்பர் இருபத்துநான்கிலிருந்து.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வரியை வெட்டி மேலே திருத்தினார். “குழு என்ன சொல்லும் என்று என்னால் வாக்களிக்க முடியாது” என்று சொல்லி, தாளை என் பக்கம் திருப்பினார். தகப்பன், ஒப்பந்தத்தை மீறி, ஏழு நாள் பின்தொடர்ந்தார் என்று இருந்தது. ஒரு முறை வாசித்தேன். பிழை ஒன்றுமில்லை. கையொப்பமிட்டேன்.